அப்பா ஆயில் மாற்றிய ஞாயிறு

எங்கள் வீட்டில் நான்கு நாட்கள் நான் பெரிய பதவியில் இருந்தேன். அம்மா சொல்வதை அப்பாவிடமும், அப்பா சொல்வதை அம்மாவிடமும் கொண்டு சேர்க்கும் வேலை. இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும் பேச்சு என் வழியாகத்தான் போக வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது. பிடிக்காத வார்த்தைகளை வழியிலேயே உதிர்த்துவிடும் அதிகாரமும் எனக்கு இருந்தது.

சண்டைக்குக் காரணம் அம்மாவின் தம்பி, என் மாமா. நாகலாபுரத்தில் புது வீடு கட்டி, திங்கட்கிழமை பால் காய்ச்சுவதாக இருந்தார். அக்காவையும் அத்தானையும் வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைத்திருக்க வேண்டும். வேலை மும்முரத்தில் பத்திரிகையைப் போனில் படமாக அனுப்பிவிட்டார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"போனுல கூப்ட்டவன் வீட்டுக்குப் போனுலயே போயிட்டு வரச் சொல்லு உங்கம்மைய."

நான் சுமந்த முதல் செய்தி அதுதான். அம்மா பதில் அனுப்பவில்லை. இருப்பது ஒரே தம்பி. அவன் வீட்டு விசேஷத்தில் புருஷன் இல்லாமல் தனியாகப் போய் நிற்பதற்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஆயில் டப்பாவும் புது ஃபில்டருமாக வாசலுக்கு வந்தார். எங்களுடையது யாரோ ஓட்டிக் களைத்து விற்ற வெள்ளைக் கார். அப்பா தீப்பெட்டி ஆபீசில் லோடு அனுப்புகிற வேலை பார்த்தவர். கையில் ஸ்பேனரோடு நான் பார்த்ததே இல்லை. ஞாயிறு என்பதால் மெக்கானிக் கடை கிடையாது, அதனால் தானே மாற்றப் போவதாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அம்மா அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருக்கிறாள், இவருக்குக் கார்தான் பெரிதாகப் போயிற்று.

அம்மாவுக்கும் கோபம் வரும் என்று நினைத்து ஓடிப்போய்ச் சொன்னேன். "இன்னைக்கேவா மாத்துதாரு?" என்றாள் அவள். பிறகு எழுந்து முகம் கழுவி, ஓட்டைவிழாத பழைய பேசின் ஒன்றும் கைத்துணியும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "உங்கப்பாட்ட குடு" என்றாள். அவள் மீதும் எனக்குக் கோபம்.

அப்பா வாசல் சரிவில் முன்சக்கரங்களை ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, அடியில் நுழைந்தார். பழைய ஆயில் கறுப்பாக இறங்கியது. பாதி பேசினில், பாதி அப்பாவின் சட்டையில். ஃபில்டர் லேசில் வரவில்லை. துணியைச் சுற்றித் திருகும்படி அம்மா சொன்னாள், நான் அப்பாவிடம் சொன்னேன், வந்துவிட்டது.

அம்மா அந்தப் பழைய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்தாள். "ஏட்டி, இது வாயில ரப்பரக் காணுமே. மேல இஞ்சின்ல ஒட்டிக்கிட்டு நிக்குதான்னு பாக்கச் சொல்லு."

எனக்கு அது நீளமாக இருந்தது. "ரப்பர் எங்கன்னு அம்மா கேக்குறா" என்று மட்டும் சொன்னேன்.

"புதுசுலயே ரப்பர் இருக்குன்னு சொல்லு."

"குக்கர்ல ரெண்டு கேஸ்கட் போட்டா மூடுமான்னு கேளு" என்றாள் அம்மா. காருக்கும் குக்கருக்கும் என்ன சம்பந்தம்? அந்தச் செய்தியை நான் கொண்டுபோகவே இல்லை. மூன்றடி தூரத்தில் படுத்திருந்த அப்பாவுக்குக் கேட்டிருக்கும். ஆனால் முறைப்படி வந்து சேராத செய்திக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்?

புது ஆயில் ஊற்றி, இஞ்சினைப் போட்டார். குனிந்து பார்த்தார். எங்கள் வாசலுக்கு அப்போது சிமெண்ட் பூசவில்லை, வெறும் கரிசல். அதில் எது சிந்தினாலும் மண் உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. "ஒண்ணும் ஒழுகலன்னு சொல்லு" என்றார்.

அம்மா உள்ளே போய் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து காருக்கடியில் விரித்தாள். கொஞ்ச நேரத்தில் அதன் நடுவில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. நான் அப்பாவிடம் ஓடத் தயாராக நின்றேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏங்க, ஒழுகுது. இஞ்சின நிப்பாட்டுங்க."

அப்பா நிறுத்தினார். "எங்கன?" என்று நேராக அவளிடமே கேட்டார்.

இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். ஃபில்டரைக் கழற்றி, இஞ்சினோடு ஒட்டிக்கிடந்த பழைய வளையத்தை அப்பா நகத்தால் உரித்தெடுத்தார். "இதோட ரோட்டுல போயிருந்தா ஆயிலெல்லாம் வடிஞ்சு இஞ்சின் இறுகியிருக்கும்" என்றவர், "குக்கருக்கு ரெண்டு கேஸ்கட்" என்று தனக்குள் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. வேலை போன துக்கத்தில் நான் மத்தியானம் சாப்பிட மறுத்தேன்.

மறுநாள் விடியும்போதே நாகலாபுரத்துக்குப் புறப்பட்டோம். முன்சீட்டில் இருவரும் வழியெல்லாம் மழையையும் மக்காச்சோளத்தையும் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். கார் நின்றதும் மாமா ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேர்ல வந்து கூப்டாதது தப்புதான் அத்தான். வர மாட்டீங்களோன்னு நெனச்சேன்."

அப்பா காரைத் தட்டிக்கொடுத்தார். "ஆயில் மாத்துனேன் மாப்ள. கொஞ்ச தூரம் ஓட்டிப் பாக்கணும்லா, அதான் இங்கிட்டு வந்தோம்."

மாமா கையை விடாமல் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இதில் அழ என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மாமாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. உள்ளே அடுப்பங்கரையில், பால் பொங்கியதும் குலவையிடக் காத்து நின்ற அத்தையிடம் நேராகப் போய்ச் சொன்னேன்:

"நாங்க இதுக்குன்னு வரல அத்தை. காரை ஓட்டிப் பாக்கத்தான் வந்தோம்."