நஸீராவும் நான்கு குரோம் டப்பாக்களும்

தாராவி தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய சந்தொன்றில் துணிக்கடை பொம்மைகள் செய்யும் பட்டறை இருக்கிறது. ஷேக் பரீத் ஃபைபரில் உடலை வார்ப்பார். அவர் மனைவி நஸீரா பெயின்ட் அடிப்பாள். முன்பிருந்த பெயின்டர் சீசன் நடுவில் அம்பர்நாத்திலுள்ள ஒரு கம்பெனிக்குப் போய்விட, வேறு வழியில்லாமல் ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்தவள். பதினோரு வருடமாகிறது. அவள் அடித்த பொம்மையில் ஓரிடத்தில்கூடப் பெயின்ட் வழிந்திருக்காது. அந்த நல்ல பெயர்தான் இந்த ஜூலையில் அவளை மாட்டிவிட்டது.

மாட்டுங்காவில் புடவைக்கடை வைத்திருக்கும் விஜயலட்சுமி ஆறு பொம்மைகள் கேட்டார். போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ ஸ்பிரே டப்பாவை அமுக்க, பிளாஸ்டிக் தலை ஒன்று புது ஸ்டீல் குடம்போல மின்னியது.

"இதே மாதிரி வேணும் நஸீரா. எதிர்ல நிக்கறவா முகம் அதுல தெரியணும்."

நஸீரா சரி என்றுவிட்டாள். முலாம் போடக் கொடுக்கலாமா என்று விசாரித்தால், ஆளுயரப் பொம்மைக்கு இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். கடை திறப்புக்கோ மூன்று வாரம்தான் இருந்தது.

நான்கு விதமான குரோம் ஸ்பிரே டப்பாக்கள் வாங்கினாள். பிளாஸ்டிக் ஸ்பூன்களுக்கு அடிப்பூச்சாகப் பளபளப்புக் கறுப்பு அடித்துக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு டப்பாவைச் சோதித்தாள். முதலாவது பழைய அலுமினியச் சட்டி நிறம். இரண்டாவது மின்னியது, ஆனால் மணல் தூவியதுபோலப் பொடிப்பொடியாக. மூன்றாவதன் மேல் 'குரோம்' என்று பெரிதாக எழுதியிருந்தது; உள்ளே இருந்தது சாம்பல். ஹார்டுவேர் கடைக்காரர் தனியாக வரவழைத்துத் தந்த நான்காவதில்தான் அவள் மூக்குத்திகூடத் தெரிந்தது.

"ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

பரீத் வந்து ஸ்பூனைக் கையில் எடுத்தார். அவர் விரல் பட்ட இடம் மங்கி, விரல்நுனி வெள்ளியாயிற்று.

"தொடாதியன்னு சொல்லுததுக்குள்ள தொட்டுட்டியளே."

"தொடாம பொம்மைக்கு எப்படி சேல கட்டுவாவ, நஸீரா?"

நஸீரா மேலே பாதுகாப்புக்கு வார்னிஷ் அடித்துப் பார்த்தாள். கண்ணாடி மினுக்கம் செத்து, மறுபடி சாம்பலாயிற்று. லேசாக அடித்தாள், இரண்டு நாள் காயவிட்டு அடித்தாள், வேறு வார்னிஷ் மாற்றினாள். மழை ஈரத்தில் எல்லாம் வெளுத்துப்போயிற்று. பதினேழாவது ஸ்பூனை எதிர்ச் சுவரில் எறிந்தாள். விஜயலட்சுமி அனுப்பிவைத்திருந்த அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தாள். அந்த ஆள் பிளாஸ்டிக் தலையைக் குச்சியில் செருகிப் பிடித்திருந்தான். கடைசிவரை அதில் அவன் கை படவே இல்லை.

"இத மொதல்லயே பாக்காம போயிட்டனே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதன்பிறகுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. சேலை உடம்பை மறைத்துவிடும். தலைக்கு யாரும் சேலை கட்டப்போவதில்லை. தலையைத் தனியாகக் கழற்றி மாட்ட வசதியாகக் கழுத்தில் ஒரு முளை வைக்கும்படி பரீத்திடம் சொன்னாள். உடம்புக்கும் கைகளுக்கும் மங்கல் கறுப்பு. தலைக்கு மட்டும் நான்காவது டப்பா, வார்னிஷ் கிடையாது. சேலை கட்டி முடித்தபிறகு, மின்னும் இடத்தில் கை படாமல், தலையின் அடி விளிம்பைத் துணியால் பிடித்துச் செருக வேண்டும்.

மாதிரி ஒன்றை மாட்டுங்காவுக்குக் கொண்டுபோனாள். விஜயலட்சுமியின் முகம் சுருங்கியது.

"நான் கேட்டது முழுசும் இல்லையோ? கையெல்லாம் கறுப்பா இருக்கே."

நஸீரா பையிலிருந்து நான்காவது டப்பா அடித்த ஒரு ஸ்பூனை எடுத்து நீட்டினாள். "இதத் தேச்சுப் பாருங்க மேடம்."

தேய்த்தவர் தன் விரலைப் பார்த்தார். அலமாரியிலிருந்த பட்டுச்சேலைகளைத் திரும்பிப் பார்த்தார். "இதெல்லாம் சேலையில ஒட்டிண்டா என்ன ஆறது?" என்றவர், ஸ்பூனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, தலை மட்டும் இருக்கட்டும்" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை.

ஆறும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு மாதத்தில் இரண்டு தலைகள் மங்க, நஸீரா எடுத்துவந்து மறுபடி அடித்துக் கொடுத்தாள். நன்றாக இருக்கிறது என்று யாரும் போன் செய்யவில்லை. தொட்டாலும் மங்காத புது டப்பா வந்திருக்கிறதா என்று ஹார்டுவேர் கடையில் வாரம் ஒருமுறை கேட்கிறாள். கடைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார்.