தரையில் உட்கார விடாத கோட்டு

1. டேப்புக்கு முன்னால்

துபாயில் தேரா பக்கம் ஒரு ஜென்ட்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் காசிம் பாய் ஒரு இன்ச் டேப்பை எடுத்து மாலை மாதிரி என் கழுத்தில் போட்டார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"ஒன்பதாவது பாய். பெயில்."

"நம்பர் எழுதத் தெரியும்ல? போதும். இந்த டேப்பக் கழுத்துலேருந்து எடுக்கறதுக்கு முன்னாடி கஸ்டமர்ட்ட ஒரு கேள்வி கேக்கணும். வாட் இஸ் தி அகேஷன், சார்? எங்க போட்டுக்கிட்டுப் போகப் போறார்னு தெரியாம அளவெடுத்தா, அந்த அளவு பொம்மைக்குத்தான் சரியா இருக்கும்."

அந்தக் கேள்வியை அந்தக் கடையில் எத்தனையோ தேசத்துக்காரர்களிடம் கேட்டேன். ஒரே ஒருவரிடம் கேட்கவில்லை. அவர் என் மாவட்டத்துக்காரர். நான் கேட்காததால் அவருடைய மகன் ஜெயிலில் எட்டு மாதம் கூடுதலாக இருந்தான். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அதை எழுதுகிறேன். எழுதுவதற்குப் பெருமையான விஷயம் இல்லை.

2. இரண்டு நாள் கஸ்டமர்

எனக்குச் சொந்த ஊர் பொன்னமராவதி பக்கம். ஓர் இடத்தில் நிலைத்து நின்றவன் இல்லை. லாரி கிளீனர், திருப்பூரில் பனியன் செக்கிங், பம்பாயில் ஓட்டல், ஒரு சரக்குக் கப்பலில் லாண்டரி என்று சுற்றிவிட்டுத்தான் துபாய் போனேன். எட்டுப் பேருக்கு ஓர் அறை. நான்கு கட்டில். பகல் ஷிப்ட்காரன் எழுந்தால் நைட் ஷிப்ட்காரன் படுப்பான். படுக்க இடம் இருந்தது, அதனால் குறை ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஊர் சுற்ற வந்தவர்கள். கப்பலில் வந்து இறங்குவார்கள், விமானம் மாறுகிற இடைவெளியில் வருவார்கள். கையில் இரண்டு நாள்தான் இருக்கும். அவசரத்தில் வாங்குகிறவர் கண்ணாடியைப் பார்த்து வாங்குவார். விற்கிறவன் அவருடைய தோளைப் பார்க்க வேண்டும். கோட்டில் கையைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், தோள் தப்பினால் ஒன்றும் செய்ய முடியாது. ஷூவைச் சாயங்காலம் வாங்கச் சொல்ல வேண்டும், அப்போதுதான் கால் கொஞ்சம் உப்பியிருக்கும். டையின் முனை பெல்ட் பக்கிளைத் தொட்டால் போதும், அதைத் தாண்டக் கூடாது. வாங்குகிற ஊரின் வெயிலுக்குத் துணி எடுக்கக் கூடாது, போடுகிற ஊரின் குளிருக்கு எடுக்க வேண்டும். இதெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடும்.

கேள்வி கேட்பதன் அருமை ஒரு ஜெர்மன்காரரிடம்தான் எனக்குப் புரிந்தது. எழுபது வயது இருக்கும். கப்பலில் வந்தவர். கறுநீலத்தில் ஒரு கோட்டு, பட்டு டை, சட்டைக் கையில் மாட்டும் கஃப்லிங்ஸ், எல்லாம் வேண்டும் என்று வேகமாக எடுத்து மேசையில் போட்டார். நான் அகேஷன் கேட்டேன். கஃப்லிங்ஸ் பெட்டியைத் திறந்து மூடினார். பிறகு, அடுத்த துறைமுகத்தில் மகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம்.

நான் கறுநீலத்தை எடுத்து உள்ளே வைத்தேன். தோளில் பேட் இல்லாத சாம்பல் நிறக் கோட்டு ஒன்றைக் கொடுத்தேன். டை வேண்டாம் என்றேன். மகளைப் பார்க்கப் போகிறவர் பேங்க் மேனேஜர் மாதிரிப் போகக் கூடாது என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் சிரித்தார். எடுத்ததில் பாதிகூட வாங்காமல் போனார். காசிம் பாய் திட்டுவார் என்று நினைத்தேன். "இன்னிக்கிதான்டா நீ கடைக்கு வேலைக்கு வந்திருக்கே" என்றார்.

3. கருப்பையா அண்ணன்

ஒரு புதன்கிழமை மத்தியானம், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு ஒருவர் வாசல் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நின்றார். போய்த் திறந்துவிட்டேன்.

"வாங்கண்ணே. எந்த ஊரு?"

"கறம்பக்குடிப் பக்கம். நீ தமிழாப்பா? அப்பாடா!"

"பொன்னமராவதிண்ணே."

"அட, நம்ம பயலா!" என்று என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பெயர் கருப்பையா. விவசாயம். பதினான்கு நாள் விசாவில் வந்திருப்பதாகவும், ஊர்ப் பையன்களின் அறையில் தங்கியிருப்பதாகவும் சொன்னார்.

"ஒரு கோட்டு வேணும் தம்பி. பெரிய எடத்துக்குப் போறேன். கொறை சொல்ற மாதிரி இருக்கக் கூடாது. நான் இதோடயே போயிருவேன். ரூம்ல இருக்க பயலுக, என்ன ஓட்டுக் கேக்கவா போறீங்கன்னு சிரிக்கிறாய்ங்க."

எங்கள் பக்கம், ஒரு காரியமாகக் கிளம்புகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்க மாட்டோம். கேட்டால் போகிற காரியம் தடைப்படும் என்பது நம்பிக்கை. ரொம்பத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், "தூரமா?" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். நானும் அதைத்தான் கேட்டேன்.

"தூரமாண்ணே?"

"பக்கந்தான். வெள்ளிக்கெழம போவணும். நல்லபடியா முடியணும்."

நல்லபடியா முடியணும் என்றதும் பெண் பார்க்கிற விஷயம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மகனுக்கு இங்கே ஏதோ வசதியான குடும்பத்தில் சம்பந்தம் பேசுகிறார், அதனால்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். ஜெர்மன்காரரிடம் கேட்ட கேள்வியை என் ஊர்க்காரரிடம் கேட்பது நாகரிகம் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

காசிம் பாய் கேஷ் கவுண்டரிலிருந்து குரல் கொடுத்தார். "அகேஷன் கேட்டியாப்பா?"

"நம்மூர்க்காரர் பாய். சம்பந்தம் பேசப் போறார். கேக்கக் கூடாது."

அவர் கணக்கு நோட்டுக்குத் திரும்பிவிட்டார்.

கறுநீலத்தில் ஸ்லிம் ஃபிட் சூட் எடுத்தேன். வயலில் உழைத்த உடம்பு, தொப்பை கிடையாது. முப்பத்தெட்டு சைஸ் அப்படியே உட்கார்ந்தது. மெரூன் டை, கோட்டுப் பையில் அதே நிறத்தில் கைக்குட்டை, தங்க நிறக் கஃப்லிங்ஸ், முகம் தெரிகிற அளவு பளபளப்பான ஷூ. முழு செட்டாக விற்பதில் எனக்கு ஆசை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிட, எங்கள் மண்ணைச் சேர்ந்த ஒருவரை அப்படிக் கண்ணாடி முன் நிறுத்திப் பார்ப்பதில் பெரிய ஆசை இருந்தது.

அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வேறு யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"நானாடா இது? எங்க வீட்டுக்காரி பாத்தா உள்ள விடமாட்டா."

பிறகு மெதுவாகக் குனிந்தார். முழங்காலை மடக்கிப் பார்த்தார். தொடையில் துணி இறுகியது.

"தம்பி, இதுல சம்மணம் போட்டு ஒக்கார முடியுமா?"

"கோட்டுப் போட்டவங்களுக்குச் சேர் போடுவாங்கண்ணே. நீங்க எதுக்குத் தரையில ஒக்காரப் போறீங்க?"

சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அன்று நான் பேசியதில் திரும்பப் பெற முடிந்தால் பெற விரும்புவது இந்த ஒரு வரியைத்தான். கேள்வி கேட்க வேண்டியவன் நான். அவர் அவராகவே கேட்டார், அதற்கும் நான் ஒரு கிண்டலைப் பதிலாகக் கொடுத்து அனுப்பினேன்.

4. சனிக்கிழமை

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் வந்துவிட்டார். அதே வேட்டி, சட்டை. கையில் கோட்டுக் கவர்.

"என்னண்ணே, பழம்தானே?" என்றேன்.

அவர் கவரைப் பிரித்து பேண்டை மட்டும் எடுத்து மேசையில் வைத்தார். "இத கொஞ்சம் பிரிச்சு விட முடியுமா தம்பி? ஒக்கார முடியல. மறுபடி ஒரு தடவ போற மாதிரி வரும்."

அப்புறம்தான் சொன்னார்.

அவருடைய மகன் முருகேசன் அங்கே ஒரு கம்பெனியில் பிக்கப் வண்டி ஓட்டினான். ரோட்டைக் கடந்த ஒரு சூடான் நாட்டுக்காரர் அவன் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டார். முருகேசன் ஜெயிலில் இருந்தான். இன்சூரன்ஸ் சமாசாரமெல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவரின் அண்ணன் மன்னித்துக் கையெழுத்துப் போட்டால் மிச்சத் தண்டனை இல்லாமல் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். முருகேசனின் மனைவிக்கு அது நிறைமாதம். பிள்ளை பிறப்பதற்குள் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான் கருப்பையா அண்ணன் விமானம் ஏறியிருக்கிறார். வெள்ளிக்கிழமை போன பெரிய இடம், இறந்தவருடைய அண்ணனின் வீடு.

"தொழுகை முடிஞ்சு எல்லாரும் இருந்தாங்க. பத்துப் பதினஞ்சு பேரு. எல்லாரும் வெள்ள அங்கி. தரையில கம்பளத்த விரிச்சு வரிசையா ஒக்காந்திருந்தாங்க. செத்தவரோட போட்டோகூட அங்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் இந்தக் கோட்டும் டையுமா உள்ள போறேன். ஒக்காரச் சொல்லிக் கையக் காட்டுனாங்க. ஒக்காரப் பாக்குறேன், மடங்க மாட்டேங்குது. கிழிஞ்சு போச்சுன்னா அது வேற அசிங்கம். ஒரு ஆளு உள்ள போயி சேரு எடுத்தாந்து போட்டாரு."

"ஒக்காந்தீங்களா?"

"ஒக்காந்தேன். நீ சொன்னேல்ல, சேர் போடுவாங்கன்னு."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

"அவுக எல்லாரும் கீழ, நான் மட்டும் மேல. கூடப் பொறந்தவனப் பறி கொடுத்தவுக என்னைய அண்ணாந்து பாக்குறாங்க தம்பி. மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு வாயே வரல. செத்தவரோட அண்ணன், அந்தப் பெரியவரு, டீ குடுத்தாரு. பயணமெல்லாம் எப்புடின்னு கேட்டாரு. மரியாதைக்கி ஒரு கொறையும் இல்ல. ஊருக்குப் போயிட்டு வந்து பாப்போம்னுட்டாரு. வெளிய வந்ததும், பேசிவிடக் கூட வந்த வக்கீல் ஆபீஸ் பையன் சொல்றான், நீங்க கீழ ஒக்காந்திருக்கணும்னு."

"அவர் எப்ப ஊருக்குப் போறாராம்?"

"இன்னிக்கி மத்தியானம்ங்கறாக. எப்ப திரும்புவாருன்னு தெரியல. அதுக்குள்ள ஒரு எட்டுப் போயி கால்ல விழுந்துரலாம்னு பாக்குறேன். நீ இத எவ்வளவு நேரத்துல பிரிச்சுத் தருவே?"

"பேண்டு வேணாம்ணே. இந்த வேட்டியோடயே கெளம்புங்க" என்றேன். காசிம் பாய் தன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது. ஏர்போர்ட்டுக்குப் போய் அரை மணி நேரம் ஆகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

திரும்பும்போது வண்டியில் கருப்பையா அண்ணன்தான் என்னைத் தேற்றினார். "கோட்டு என்ன பண்ணும் தம்பி. நேரம் அப்புடி."

விசா முடிந்து அடுத்த வாரம் அவர் ஊருக்குப் போனார். அதற்கு அடுத்த வாரம் பேத்தி பிறந்தாள்.

5. எட்டு மாதம்

இறந்தவரின் அண்ணன் சூடானிலிருந்து எட்டு மாதம் கழித்துத்தான் திரும்பினார். வக்கீல் ஆபீஸ் பையனிடம் சொல்லி வைத்திருந்தேன். தகவல் வந்த அன்று லீவு போட்டுவிட்டு நானே போனேன். பழைய காட்டன் பேண்ட், லூசான சட்டை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அவர் சொல்வதற்கு முன்பே கம்பளத்தில் உட்கார்ந்தேன்.

எனக்குக் கடைத்தெரு அரபிதான் வரும். கோட்டு விற்றவன் நான், கருப்பையா அண்ணன் அதில் உட்கார முடியுமா என்று என்னிடம் கேட்டார், நான் சிரித்தேன், ஊரில் அவர் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறவர். தெரிந்த வார்த்தைகளை வைத்து இவ்வளவையும் சொல்லி முடித்தேன். மிச்சத்தை வக்கீல் ஆபீஸ் பையன் சொன்னான்.

அந்தப் பெரியவர் ஒரு டீயை என் முன்னால் நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: "எங்களோடு உட்கார அவருக்கு மனமில்லை என்று நினைத்தேன்."

அந்த வாரமே கையெழுத்துப் போட்டார். கோட்டால் ஒன்றும் ஆகவில்லை என்று கருப்பையா அண்ணன் சொன்னது எனக்கு அதுவரை கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதுவும் அன்றோடு போயிற்று.

முருகேசன் ஊர் போய்ச் சேர்ந்ததைக் கருப்பையா அண்ணன் போனில் சொன்னார். "புள்ள தவழுது தம்பி. இவன் தூக்கப் போனா வீலுன்னு கத்திக்கிட்டு எங்கிட்டத் தாவுது. பழகிரும், பழகிரும்னு சொல்லிக்கிட்டிருக்கோம்."

"கோட்டு என்னாச்சுண்ணே?"

"பீரோவுல தொங்குது. எறியவும் மனசு வரல, போட்டுக்கிட்டு எங்கிட்டுப் போறது? மருமக சேலை வைக்க எடமில்லைங்குது."

 

6. இப்போது

இப்போது புதுக்கோட்டையில் ஒரு கடையில் கோட்டு செக்ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். ஓரிடத்தில் இவ்வளவு நாள் நான் நின்றது இதுதான் முதல் தடவை. வெளிநாடு போகிறவர்கள், ரிசப்ஷன் மாப்பிள்ளைகள், இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகள் என்று எல்லாரும் வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். எங்கே போகிறீர்கள், யார் முன்னால் போய் நிற்கப் போகிறீர்கள், அங்கே சேரா, தரையா?

சிலர் முகம் சுளிக்கிறார்கள். போன மாதம் திருமயத்திலிருந்து மகனோடு வந்த ஒரு அம்மா, "நல்ல காரியமாப் போறப்ப இப்புடி எங்க, எங்கன்னு கேக்குறீங்களே, வெளங்குமா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். கூட வேலை பார்க்கிறவர்கள் என்னைத் 'தரையா சேரா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கூப்பிடட்டும். பதில் வருகிறவரை டேப் என் கழுத்திலேயே கிடக்கும்.