எந்தச் சாக்கில் போடுவது

இரும்புலியூர் காயலாங்கடையில் பத்து வருஷமாகப் பிளாஸ்டிக் பிரிக்கிறேன். அஞ்சாங்கிளாஸோடு படிப்பு நின்றது. மூக்குதான் எனக்குச் சோறு போடுகிறது. துண்டின் ஓரத்தைக் கொளுத்தி, ஊதி அணைத்து, புகையை மோந்து பார்ப்பேன். பக்கெட் பிளாஸ்டிக் என்றால் மெழுகுவத்தி வாசம். பைப் என்றால் மூக்கைக் குத்தும். சாக்குக்கு ஒன்றுதான் கொளுத்துவோம். மீதியைத் தட்டிப் பார்த்துப் போட்டுவிடுவோம். அதுதான் வழக்கம்.

போன மழைக்கு முன்னால், பொத்தேரிப் பக்கம் ஒரு காலேஜில் விழா முடிந்து லோடு வந்தது. ஆறு சாக்கு பச்சை டம்ளர். சாக்குக்கு ஒன்று கொளுத்தினேன். ஆறும் மெழுகுவத்தி. பக்கெட் குவியலில் தட்டிவிட்டேன்.

சாக்குகளுக்குள்ளே அடியில் வேறு டம்ளர் இருந்திருக்கிறது. அதே பச்சை. உள்ளே உமி கலந்தது. வாங்கினவர் அதை உருக்கிச் செய்த பக்கெட்டெல்லாம் கைப்பிடியோடு பிய்ந்தது. மிச்ச லோடு திரும்பி வந்தது.

முதலாளி என்னிடம் கத்தவில்லை. "உன் மூக்கை நம்பித்தான் உக்கார வெச்சிருக்கேன். இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்றார். காலேஜுக்குப் போன் போட்டுத்தான் கத்தினார்.

மறுநாள் அந்த டம்ளரை டிசைன் செய்த பெண்ணே வந்தாள். அங்கே படிக்கிறவள்.

"அக்கா, பிளாஸ்டிக்கைக் குறைக்கத்தான் உமி சேர்த்தோம். சுற்றுச்சூழலுக்கு நல்லது."

"நல்லதுதாம்மா. இதை எந்தச் சாக்குல போடறது?"

சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

என்னோடு பிரிக்கிற அக்கா சிரித்தாள். "இன்னா பாப்பா, பரீட்சையில இந்தக் கேள்வி வரலியா?"

"யாருமே கேக்கலக்கா." நோட்டை எடுத்தாள். "அடுத்த தடவை டம்ளர் அடியில குறி போட்டுடறோம்."

"உடைஞ்சு வந்தா?"

எழுதினதை அடித்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டாகக் கொளுத்துகிறேன். புதுசு புதுசாக வருகிறது. சோளத்தில் செய்ததாம். ரப்பரோடு ஒட்டி வார்த்ததாம். எல்லாவற்றிலும் இலைப் படம். நாள் முழுக்கப் புகை.

தை மாசம் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் அடுப்புக்கிட்டயே நின்றேன். ஒன்றும் வரவில்லை. சட்டிக்குள் குனிந்தேன். ஆவி முகத்தில் பட்டது. அவ்வளவுதான்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். "வாயைத் தொறக்காத. சளி புட்சிகீதுன்னு சொல்லு" என்றாள்.

எத்தனை நாளைக்குச் சளி?

நேற்று முதலாளி ஒரு புதுச் சாக்கிலிருந்து உடைந்த துண்டை எடுத்துக் கொளுத்தினார். என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்னதுன்னு சொல்லு."

மோந்தேன். சூடு தெரிந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். புகை அந்தப் பக்கம் போகவில்லை. தெரியலை என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"மெழுகுவத்தி" என்றேன்.

முதலாளி தலையாட்டினார். "அப்ப பக்கெட்டுல போடு."

சாக்கைத் தூக்கிக் குவியலில் தட்டினேன்.