இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

என் கணவர் பிழைக்க இருந்த வழியை நான்தான் அடைத்தேன். தெய்வத்தின் பெயரைச் சொல்லி அடைத்தேன். அவருக்கு இன்றுவரை தெரியாது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

அவர் ஆனையூரில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு அவருடைய கல்லீரலில் ஒரு கட்டியைக் கண்டார்கள். புற்றுநோய்... ஆனால் கோலிக்குண்டு அளவுதான். வயிற்றைக் கிழிக்காமல், தோல் வழியாக ஊசியைச் செலுத்திக் கட்டியை மட்டும் சுட்டுப் பொசுக்கும் வைத்தியம் இருக்கிறதாம். இரண்டே நாளில் வீடு திரும்பலாமாம். மதுரை மருத்துவர் தயங்கினார்.

"பெரிய ரத்தக்குழாய ஒட்டி இருக்கும்மா. நல்லா கை பழகுனவங்க செய்யணும். எங்க செஞ்சாலும் சீக்கிரம் செய்யணும்."

மலேசியாவில் இருக்கும் என் கொழுந்தன் ஸ்கேன் படங்களை வாங்கி அங்கே ஒரு மருத்துவமனையில் காட்டினார். செய்யலாம் என்றார்கள். அவர் மனைவி, என் ஓரகத்தி, போனை வாங்கிப் பேசினாள். "அக்கா, மாமாவக் கூட்டிட்டு வாங்க. நம்ம வீடு இருக்கு, நான் பாத்துக்கிறேன்."

எட்டு வருடம் கழித்துப் பேசுகிறாள்! என் மகளின் சடங்கு வீட்டில் நான் வைத்த குழம்பைக் கழனித்தண்ணி என்று பந்தியில் சொல்லிச் சிரித்தவள். இவள் வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூட என் பல்லில் படாது என்று அத்தனை சொந்தத்துக்கும் முன்னால் சபதம் போட்டவள் நான். இப்போது அவள் அடுப்படியில் போய் நிற்பதா? அவள் சோற்றைத் தின்றுவிட்டு, அவள் சொல்லிக்காட்டுவதைக் கேட்பதா?

இவ்வளவுதான் காரணம். விமானத்துக்குப் பயம் என்றும், தெரியாத ஊரில் ஏதாவது ஆகிவிட்டால் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் பொய். ஒரு குழம்பு!

"போகவா வேணாமான்னு ஆத்தாகிட்டயே கேட்ருவோம்" என்றார் அவர்.

எங்கள் குலதெய்வம் திருமங்கலத்துக்கு மேற்கே, பருத்திக்காட்டு நடுவில் இருக்கிறாள். பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். கட்டுகிற வேலை என்னுடையது.

கோயில் கிணற்றடியில் உட்கார்ந்து இரண்டிலும் செவ்வரளியையே வைத்து மடித்தேன். பூசாரி ஒன்றைப் பிரித்தார். மற்றதை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"அம்புட்டுத்தான். ஆத்தா வேணாங்குறா" என்றார் இவர்.

அதன்பின் ஊசி என்ற பேச்சையே விட்டுவிட்டார். நான் பயந்துபோனேன். "ஏங்க, அந்த ஊரைத்தானே வேணாம்னா? சென்னையில பாப்போமே" என்றேன். "சாமி சொன்னதுக்கு மேல பேசாத" என்று அடக்கிவிட்டார். நான் கட்டிய கட்டு என் கையை மீறிப் போயிருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே அவிழ்ந்திருக்கும். சொன்னேனா? நாட்டு மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மாதம் கழித்துக் கட்டி எலுமிச்சையளவு ஆகியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. இனி ஊசிக்கு அடங்காது என்றார் மருத்துவர். "அப்பவே ஏம்மா போகல?" என்று என்னைத்தான் கேட்டார். இவர் முந்திக்கொண்டு, "சாமி உத்தரவு குடுக்கல சார்" என்றார்.

இப்போது மாத்திரையில் ஓடுகிறது. குமட்டும்போது கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வாயைத் துடைத்துக்கொண்டே, "நீ இல்லேன்னா எம்பாடு என்னத்துக்கு ஆகும்" என்கிறார். இதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்!

சென்ற வாரம் கொழுந்தன் மறுபடி பேசினார். "மதினி, மாத்திரையில கட்டி சுருங்குனா ஊசி வச்சுப் பாக்கலாம்ங்குறாங்க. உறுதி சொல்லல. ஆனா வந்து பாருங்க."

"இன்னொரு தடவ பூக்கட்டிப் பாப்போம்" என்றார் இவர். "நீயே கட்டு. ஒங் கையி சுத்தம்."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். ஆத்தா தன்னோடு பேசுகிறாள் என்ற ஒரு பிடிப்பில்தான் இந்த மனிதர் எழுந்து நடமாடுகிறார். அதையும் பிடுங்கவேண்டுமா? அல்லது இதுவும் நான் தப்பிக்கத் தேடிய சாக்கா? எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, அதே கிணற்றடி. இரண்டிலும் வெள்ளரளியை வைத்தேன். போன முறையும் அம்மனைக் கேட்கவில்லை, இந்த முறையும் கேட்கவில்லை. அங்கே போய் அவருக்கு ஏதாவது ஆனால் அதுவும் நான் கட்டியதுதான்.

பூசாரி பிரித்ததும் இவர் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா... ஆத்தா மனசு எறங்கிட்டா!" குச்சியாகிப்போன கைகளைத் தூக்கிக் கும்பிட்டார். மற்ற பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நானும் கும்பிட்டேன்.

அன்று மாலையே ஓரகத்தி போன் செய்தாள். "அக்கா, மாமாவுக்கு ஒங்க குழம்புதான் எறங்கும். வரும்போது பொடி திரிச்சுக் கொண்டாங்க. அந்த ருசி இங்க யாருக்கும் வராது."

கழனித்தண்ணி என்று சொன்னது அவளுக்கு நினைவிலேயே இல்லை!

மொட்டைமாடியில் மிளகாயும் மல்லியும் காயப்போட்டிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து அவர் காக்காய் விரட்டுகிறார்.

"ஆத்தா நல்லபடியாக் கொண்டுபோய்ச் சேப்பா, இல்ல?" என்கிறார்.

"ஆமாங்க" என்கிறேன்.