டயகமவிலிருந்து கட்டுநாயக்க லவுஞ்சு வரை

அதிகாலை 4.30, டயகம. இருபத்தாறு வருடமாக டயகம – ஹற்றன் தனியார் பஸ்ஸில் நடத்துநராக இருப்பவன் நான். போய் வந்த தூரத்தைக் கூட்டினால் உலகத்தையே பல தடவை சுற்றியிருப்பேன். ஆனாலும் ஹற்றனைத் தாண்டிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவன் அன்று என் பஸ்ஸிலேயே பயணியாக ஏறி, ஜன்னலோரத்தை மனைவி புஷ்பத்துக்கு விட்டுக்கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மடியில் ஒரு பை இருந்தது. அதற்குள் இரண்டு பாஸ்போட், ஒரு பட்டுச் சேலை, அரை லீற்றர் பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி.

என் இடத்தில் அன்று டிக்கட் கிழித்தவர் நண்பர் மணியம். எங்களிடம் காசு வாங்க மறுத்தார்.

"அண்ணே, ஒங்ககிட்ட காசு வாங்கினா கை அழுகிப் போயிரும்."

"கிழி மணியம். இன்னைக்கு நான் பயணி. ஒரு தடவயாவது டிக்கட்ட வாங்கிப் பாக்குறேனே."

டயகமவிலிருந்து ஹற்றனுக்கு ஆளுக்கு 230 ரூபாய். அந்தத் துண்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பயணத்துக்கு ஊரறியச் சொன்ன காரணம் கல்யாணம். சின்ன வயதிலேயே இந்தியாவுக்குப் போய்விட்ட புஷ்பத்தின் அண்ணன் திருச்சிக்குப் பக்கத்தில் முசிறியில் இருக்கிறார். அவர் மகளுக்குக் கல்யாணம். அது பொய்யில்லை. ஆனால் புஷ்பம் நாலு மாதமாகத் தூக்கம் கெட்டது அந்தக் கல்யாணத்துக்காக இல்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தின் உள்ளே, பயணிகள் மட்டுமே போகக்கூடிய 'லவுஞ்சு' என்கிற ஓர் ஓய்வறையில், எங்கள் ஒரே மகள் தர்ஷினி வேலை செய்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், உயர்தரப் பரீட்சை கைகூடாமல் போனபோது, இன்னொரு தடவை எழுது, ரீச்சராகலாம் என்று புஷ்பம் மன்றாடினாள். தர்ஷினி கேட்கவில்லை. கொழும்புப் பக்கம் தேத்தண்ணி பரிமாறும் வேலை கிடைத்துவிட்டது என்று பெட்டியைக் கட்டினாள். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நாலு பேர் பார்க்க, "ஊரான் எச்சிக் கோப்பைய கழுவவா ஒன்னய படிக்க வச்சேன்" என்று புஷ்பம் கத்திவிட்டாள். தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து மகளைப் படிக்க வைத்தவளின் கோபம் அது. ஆனால் வார்த்தை வார்த்தைதானே. அதற்குப் பிறகு மகள் வீட்டுக்கு வரவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை என்னோடு பேசுவாள். அம்மாவிடம் கொடுத்தால் "சாப்பிட்டியாம்மா" என்ற ஒரு கேள்வியோடு சரி. போய்ப் பார்க்கிறோம் என்றால் ஷிப்ட் இருக்கிறது என்பாள்.

காலை 6.40, ஹற்றன். கொழும்பு பஸ் புறப்பட இருபது நிமிடம் இருந்தது. ரவூப் நானாவின் டிக்கட் கடை இன்னும் திறக்கவில்லை. விமான டிக்கட் போட்டது அவரிடம்தான். டிக்கட் போட்ட அன்று அவர் கணினியைத் தட்டிக்கொண்டே, "பேக் வேணுமா, சாப்பாடு வேணுமா, லவுஞ்சு வேணுமா?" என்று அடுக்கினார். லவுஞ்சு என்றதும் எனக்குக் காது நிமிர்ந்தது.

"அது பெரிய பெரிய ஆளுங்க போற எடம் இல்லையா, நானா?"

"அது அந்தக் காலம். இப்ப சாதா டிக்கட்காரங்களுக்கும் விக்கிறாங்க. ஒருக்கா மட்டும் உள்ளுக்குப் போய், மூணு மணித்தியாலம் இருந்து, தின்று குடிச்சிட்டு வர ஏலும். ஆளுக்கு முப்பது டொலர்."

நம் காசில் ஒன்பதாயிரத்துச் சொச்சம். தோட்டத்தில் ஒரு நாள் கூலியை 'ஒரு பேர்' என்போம். புஷ்பத்துக்கு அது ஏழு பேர். வேண்டாம் என்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவளோ முந்தானையை இறுக்கிக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் போடுங்க நானா. அவ வேல செய்யற எடத்துல நான் ஒரு தடவ போய் நிக்கணும்" என்றாள். தர்ஷினிக்கு எந்த நேர வேலை என்று தொலைபேசியில் நைசாகக் கேட்டுத் தேதியைப் பிடித்தது மட்டும் என் கெட்டித்தனம்.

காலை 7.00 முதல் 11.20 வரை, ஹற்றன் – கொழும்பு. ஆளுக்கு 560 ரூபாய். கினிகத்தேனைத் திருப்பங்களில் என் மனைவி குமட்டாமலிருக்க ஒரு தேசிக்காயை மூக்கோடு பிடித்துக்கொண்டாள். செங்குத்தான மலையில் முதுகில் கொழுந்தோடு ஏறி இறங்குகிறவளுக்கு பஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாது. இருபத்தாறு வருடம் பஸ்காரனோடு குடும்பம் நடத்தியும் இதுதான் நிலைமை. கித்துல்கலையில் வெயில் தெரிய ஆரம்பித்தது. கம்பளிச் சட்டையைக் கழற்றினோம். அவிசாவளையில் வியர்த்தது.

"ஏங்க, நம்மளப் பாத்துட்டு அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா?"

"திருப்பிக்கிட்டா அந்தப் பக்கம் போய் நில்லு."

"வெளையாடாதீங்க. அன்னைக்கு சொன்னத எப்படித் திருப்பி எடுக்குறதுன்னு தெரியாம வந்துக்கிட்டு இருக்கேன்."

நான் விளையாட்டை நிறுத்திக்கொண்டேன்.

பகல் 12.45, கட்டுநாயக்க. புறக்கோட்டையிலிருந்து ஏசி பஸ், 32 கிலோமீற்றர். பெட்டியைக் கொடுத்து, பாஸ்போட்டில் முத்திரை குத்தி, பளபளக்கும் கடைகளைத் தாண்டி, லவுஞ்சின் கண்ணாடிக் கதவுக்கு வந்தபோது மணி 2.40. வாசலில் இருந்த பெண் எங்கள் தாளை ஒரு கருவியில் காட்டினாள். அது 'டிங்' என்றது. அவ்வளவுதான், கதவு திறந்தது. இந்தப் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தரை முழுக்க விரிப்பு. உட்கார்ந்தால் இடுப்புவரை உள்வாங்கும் மெத்தை நாற்காலிகள். ஒரு நீள மேசையில் கட்லட், பட்டீஸ், இடியாப்பம், அன்னாசி, மூன்று வகைக் கேக். எவ்வளவு எடுத்தாலும் கேட்பார் இல்லை. ஒரு வெள்ளைக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

புஷ்பம் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. வேலையாட்களின் முகங்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பின்பக்கக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தர்ஷினி வந்தாள். சாம்பல் நிறச் சீருடை, வலைக்குள் கட்டிய கூந்தல், கையில் ஒரு தட்டு. மெலிந்திருந்தாள். எங்களைக் கண்டதும் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு எங்களை நோக்கி வந்தாள். அதே நேரம் கறுப்புக் கோட் போட்ட மேற்பார்வை அம்மா ஒருவர், கையில் பட்டியலோடு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். மகள் வாயைத் திறப்பதற்குள் புஷ்பம் தலையைக் குனிந்து, யாரோ எவரோ போல, "மிஸ், ரெண்டு தேத்தண்ணி கெடைக்குமா?" என்றாள்.

தர்ஷினி தட்டைத் திரும்ப எடுத்தாள். பிறகு "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏய், என்ன பேச்சு இது? அவ ஒன் மக!"

"அந்தம்மா வர்றாங்களே, பாக்கலியா? சொந்தக்காரங்களோட பேசிக்கிட்டு நின்னா புள்ளைக்கி அரைப்பேர் போட்டுருவாங்க."

தேயிலை மலையில் அதுதான் பழக்கம். காலை ஒன்பதரைக்கு வீட்டுப் பிள்ளைகள் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார்கள். தர்ஷினியும் எட்டு வருடம் பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் அம்மாவுக்குக் கொண்டுபோனவள்தான். கங்காணியின் தலை தெரிந்தால் பிள்ளை செடி மறைவுக்குள் போய்விட வேண்டும். தாய் பிள்ளையைக் காணாதவள் போலக் கொழுந்தில் கையை வைக்க வேண்டும். பேசிக்கொண்டு நிற்பது தெரிந்தால் அன்றைய கூலியில் பாதி போய்விடும். அந்தப் பயம் புஷ்பத்தோடு பாஸ்போட் இல்லாமலே விமான நிலையத்துக்குள் வந்துவிட்டது.

தேத்தண்ணி வந்தது. கொண்டுவந்தவள் வேறொரு பெண்.

"அவ ஏங்க வரல?"

"மூணு வருசத்துக்கு முன்னால ஒரு பேச்சு பேசுன. இன்னைக்கு வந்து, இவ எனக்கு யாருமில்லன்னு சொன்ன மாதிரி கேட்ட. அவ எப்படி வருவா?" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

புஷ்பம் தேத்தண்ணியைத் தொடவில்லை. எழுந்தாள். பக்கத்து மேசையில் யாரோ குடித்துவிட்டுப் போன நாலு கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு, அந்தப் பின்பக்கக் கதவை நோக்கி நடந்தாள். நான் பைகளை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

உள்ளே சின்ன அறை. ஆவி பறக்கும் கொதிகலன், பெரிய தொட்டி. தர்ஷினி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புஷ்பம் கோப்பைகளைத் தொட்டியில் வைத்து, குழாயைத் திறந்து, கழுவ ஆரம்பித்தாள்.

"இங்க வரக் கூடாது. போய் உக்காருங்க, மேடம்."

"எச்சிக் கோப்பைன்னு சொன்னது நான்தானே? நானே கழுவுறேன். அன்னைக்கு சொன்னது தப்பு, தாயி. நீ போயிருவியோன்னு பயத்துல சொன்னேன். நீ போயிட்ட. அந்தப் பேச்சு மட்டும் வீட்டுலயே இருக்கு."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்போது கதவு திறந்து, அந்தக் கறுப்புக் கோட் அம்மா வந்தார். ஒரு பயணி கோப்பை கழுவுவதைப் பார்த்துப் பதறி, "எப்பா, அம்மே, எப்பா!" என்று வேண்டாம் வேண்டாமென்று சிங்களத்தில் கூவினார். புஷ்பம் விருட்டென்று குழாயை விட்டுவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒளிய அங்கே தேயிலைச் செடி ஏது? குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய் ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டாள்.

தர்ஷினி அதைப் பார்த்தாள். முகம் மாறியது.

"அம்மா, கங்காணி வர்றாங்கன்னுதான் அப்ப என்னய மிஸ்னு கூப்ட்டியா?"

"பின்ன? ஒனக்கு அரைப்பேர் போட்டுட்டா?"

தர்ஷினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இடுக்கிலிருந்த அம்மாவின் ஈரக் கையைப் பிடித்து வெளியே இழுத்து, மேற்பார்வை அம்மாவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "மிஸ், மே மகே அம்மா" என்றாள். இது என் அம்மா. சிங்களத்தில் 'அம்மா' என்ற வார்த்தைக்கு மொழிபெயர்ப்பே வேண்டியதில்லை.

அந்த அம்மா மூவரையும் பார்த்தார். கை நீட்டிக் குழாயை மூடினார். "பத்து நிமிடம் எடுத்துக்கொள், வெளியே நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

புஷ்பம் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். "எட்டு வருசம் நீ எனக்கு மலைக்குக் கொண்டாந்த. நான் ஒரு தடவ கொண்டாந்திருக்கேன்."

தர்ஷினி மூடியில் ஊற்றி, நின்றபடியே குடித்தாள். "ஆறிப்போச்சும்மா."

"நீ கொண்டாந்ததும் ஆறித்தான் இருக்கும். நான் குடிக்கலியா?"

மிச்சம் வைக்காமல் குடித்தாள். பிறகு பிளாஸ்க்கைக் கழுவி, கொதிகலனிலிருந்து அவளே தேத்தண்ணி ஊற்றி, சீனி போட்டு, மூடியை இறுக்கி அம்மாவின் கையில் கொடுத்தாள். "தீவாளிக்கு லீவு கேட்டிருக்கேன். இன்னைக்கு இல்ல, போன மாசமே. வரலாமா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

"யோசிக்காத. வா" என்றாள் புஷ்பம்.

பிற்பகல் 3.15. கண்ணாடிக் கதவுவரைதான் தர்ஷினியால் வர முடிந்தது. மூன்று மணித்தியாலத்துக்குக் காசு கட்டிய மெத்தை நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்தது பத்து நிமிடம். மூன்று வகைக் கேக்கில் ஒன்றைக்கூட நாங்கள் ருசி பார்க்கவில்லை. பஸ்காரன் புத்திக்கு இது பெரும் நட்டம் என்று தோன்ற வேண்டும். எனக்கென்னவோ, வாழ்நாளில் வாங்கிய டிக்கட்டுகளிலேயே இதுதான் மலிவு என்று பட்டது.

பிற்பகல் 3.30. விமானத்துக்குப் போகும் வாசலில் கடைசிச் சோதனை; குடிக்கிற சாமான்களைப் பிடிப்பது இங்கேதான். காவலர் பிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தார்.

"இது கொண்டு போக முடியாது, அம்மா. கொட்ட வேணும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, மூலையிலிருந்த வாளியைக் காட்டினார்.

புஷ்பம் வாளியைப் பார்த்தாள். பிளாஸ்க்கைத் திரும்ப வாங்கினாள். வரிசையைவிட்டு ஓரடி ஒதுங்கி, மூடியில் ஊற்றி, ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தாள். ஒரு மூடி. இரண்டாவது மூடி.

"பிளேன் கெளம்பிரப் போகுதும்மா" என்றார் பின்னால் நின்ற ஒரு திருச்சிக்காரர்.

"சூடா இருக்குங்க. மக ஊத்திக் குடுத்தது" என்றாள் அவள், ஏதோ அவருக்கும் தர்ஷினியைத் தெரியும் என்பது போல.

"எனக்கு ஒரு மூடி?" என்று கேட்டுப் பார்த்தேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். மலையில் கொழுந்துப் பையோடு நின்று குடிப்பாளே, அப்படியே நின்று நாலு மூடியும் குடித்தாள். வரிசை காத்திருந்தது. காவலரும் காத்திருந்தார். கடைசிச் சொட்டும் போனதும், பிளாஸ்க்கைக் கவிழ்த்து அவருக்குக் காட்டினாள்.

"இப்ப கொண்டு போலாமாங்க?"