முப்பத்தெட்டுக் கையெழுத்தும் ஃப்ரேடாவும்

மினியாபொலிஸில் யூத வெறுப்பை எதிர்க்க எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பெரும்பாலும் அது வெறுப்பைக் காலைச் சாப்பாட்டால் எதிர்த்தது. பாதிரியாரும் இமாமும் ரப்பியும் ஒரே மேசையில் முட்டை சாப்பிடும் படம் ஆண்டுக்கு நான்கு முறை வெளியாகும். யாருக்கு எது ஆகாது என்று பார்த்து அந்த மேசையை ஏற்பாடு செய்தவள் ஃப்ரேடா கிம்மல். பத்தொன்பது வருடங்கள். எந்தப் படத்திலும் அவள் கிடையாது. எச்சில் கோப்பைகளை யாராவது எடுக்கவேண்டுமே.

செப்டம்பரில், அவள் தனியாக வளர்த்த மகள் டோவாவின் பள்ளி லாக்கரில் யாரோ நாஜிச் சின்னத்தைக் கீறினார்கள். "பையன்கள் விளையாட்டு" என்று எழுதித் தலைமையாசிரியர் கோப்பை மூடினார்.

"அது என்னன்னு அவங்க சரியா எழுதுற வரைக்கும் நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்," என்றாள் டோவா. பதினைந்து வயது. மூன்று வாரமாகப் போகவில்லை.

சங்கத்தின் இயக்குநர் ஜெரால்ட் வோல்பர்ட் களத்தில் இறங்கினார்; அதாவது ஓர் அறிக்கை எழுதினார். முப்பத்தெட்டு மதகுருமார்களிடம் கையெழுத்து வாங்கினார். விசாரணையைத் திங்கள் மாலை வைக்கவா, செவ்வாய் மாலையா என்று பள்ளி வாரியம் கேட்டது. திங்கள் அவருக்குக் கோல்ஃப். செவ்வாய் என்றார்.

செவ்வாய் என்று உறுதிசெய்த வாரியக் கடிதத்தைப் பார்த்ததும் ஃப்ரேடா அவர் அறைக்குப் போனாள்.

"மிஸ்டர் வோல்பர்ட், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூடாரப் பண்டிகை."

"காலண்டர்ல புதன்கிழமைன்னுதானே போட்டிருக்கு?"

"நமக்கு முந்தின நாள் பொழுது சாஞ்சதுமே நாள் ஆரம்பிச்சிடும். மோசே காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"ஓ," என்றார், யூதர்கள் சார்பில் பேசிச் சம்பளம் வாங்கும் மனிதர். "இனிமே மாத்தினா நல்லா இருக்காது ஃப்ரேடா. அறிக்கை இருக்கே, அது பேசும்."

வீட்டில் கூடாரமே போட்டறியாதவர், பண்டிகையை முன்னிட்டு வர இயலாது என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். முப்பத்தெட்டுப் பேரும் நிம்மதியாகப் பதில் எழுதினார்கள். ஆழ்ந்த ஆதரவு, ஆழ்ந்த வருத்தம். அவ்வளவு ஆழத்திலிருந்து ஒருவராலும் ஏறி வர முடியவில்லை.

ஃப்ரேடா விளக்கேற்றினாள். டோவாவைப் பக்கத்து வீட்டுக் கூடாரத்தில் உட்காரவைத்துவிட்டு மூன்று கிலோமீட்டர் நடந்தாள். பண்டிகையன்று வண்டி ஏறக்கூடாது.

விசாரணை அரங்கின் வாசலில் வாரியச் செயலாளர் பதிவேட்டை நீட்டினார். "பேசணும்னா பேர் எழுதிக் கையெழுத்துப் போடுங்க மேடம்."

"இன்னைக்கு நான் எழுதக்கூடாது."

"அப்ப பேச முடியாது."

"எங்க அறிக்கை வந்திருக்குமே?"

"ஃபைல்ல வச்சாச்சு. வாசிக்கமாட்டோம். ஆள் வந்தாத்தான் கேப்போம்."

அவள் பின்னால் ஹோடன் நின்றாள், அதே பள்ளியின் சமையலறையில் வேலை செய்யும் சோமாலியப் பெண். தன் மகளின் முக்காட்டை யாரோ பிடித்து இழுத்ததைச் சொல்ல வந்திருந்தாள். அதுவும் கோப்பில் விளையாட்டுத்தான்.

எனக்காக எழுது என்று ஒருவரிடம் கேட்பதற்கும் எங்களுக்கு அன்று அனுமதியில்லை. உள்ள நிலைமையைச் சொல்லலாம். புரிந்துகொள்வது அடுத்தவர் பாடு.

"பேனா இங்கதான் இருக்கு," என்றாள் ஃப்ரேடா சுவரைப் பார்த்து. "என் கைக்குத்தான் இன்னைக்கு லீவு."

ஹோடன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க மாமியாரும் இப்படித்தான் சுத்தி வளைப்பாங்க. நேரா கேட்டா என்ன அக்கா?"

"கேக்கக்கூடாது."

"சரி, நீ கேக்கல." ஹோடன் தன் பெயரை எழுதினாள். "மூணு நிமிஷம் என்னுது சார். பக்கத்துல யாரை நிறுத்திக்கிட்டாலும் என் இஷ்டம்." செயலாளர் விதிகளைப் புரட்டினார். தடை எதுவும் அகப்படவில்லை.

பண்டிகையன்று மின்சாரக் கருவியும் ஆகாது; ஃப்ரேடா மைக்கிலிருந்து தள்ளி நின்று பேசினாள். ஹோடன் அதை ஒவ்வொரு வரியாக மைக்கில் சொன்னாள்.

"என் தாத்தாவோட அண்ணன்மாரைச் சுட்டவங்க சட்டையில இருந்த சின்னம் அது."

"இவங்க தாத்தாவோட அண்ணன்மாரைச் சுட்டவங்க சட்டையில இருந்த சின்னம். என் பொண்ணு முக்காட்டையும் சேர்த்து எழுதிக்கோங்க."

"ஒருத்தர்தான் பேசலாம்," என்றார் உறுப்பினர் ஒருவர்.

"ஒருத்தராத்தான் பேசுறோம்," என்றாள் ஹோடன்.

அறிக்கை வென்றதாக வோல்பர்ட் பிற்பாடு செய்திமடலில் எழுதிக்கொண்டார். அன்று ஃப்ரேடாவால் முடிவைப் போனில்கூடச் சொல்ல முடியாது, விடுவிடுவென்று நடந்தாள். டோவா கூடாரத்தில் சூப்பைத் தொடாமல் காத்திருந்தாள்.

"என்னன்னு எழுதினாங்க?"

"வெறுப்புக் குற்றம்னு. ரெண்டையும். நாலுக்கு மூணு ஓட்டு."

"அந்த வார்த்தையேவா?"

"அந்த வார்த்தையேதான்."

டோவா சூப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பண்டிகையோட முதல் ரெண்டு நாள் முடிஞ்சதும் வெள்ளிக்கிழமை போறேன்," என்றாள்.