கான்ஸ்டன்ஸ் வாய் திறக்காத சாயங்காலம்

காலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஒன்று வாசலில் வந்து நின்றால், பத்தாங் பெர்ஜுந்தாயின் அந்த வரிசை வீடுகளில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும்: ட்ரெவர் மகளைக் கொண்டுவந்துவிட்டான். மூன்று வயது அலீசியாவைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டி, புல்லைத் தாண்டி, வீட்டுக்குள் வழுவழுப்பான தரையில்தான் அவளை இறக்குவான். அதுவும் காலுறையோடு. புல் பட்டால் அலறுவாள். மணல், சரளை, ஈரம் எதுவும் அவளுக்கு ஆகாது. நிற்கும்போதுகூடக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு விரல் நுனியில்தான் நிற்பாள், தரை எந்த நிமிடமும் கடித்துவிடும் என்பதுபோல.

அந்த வீட்டில் குழந்தைகள் பராமரிப்பு நிலையம் நடத்துகிறவர் கான்ஸ்டன்ஸ். ஐம்பது வயதைத் தாண்டியவர், உரத்த குரல். மாதா கோயில் பாடற்குழுவில் பாட்டை ஆர்கனுக்கு முன்னால் முடித்துவிட்டு, அது வந்து சேரும்வரை காத்திருப்பார் என்று ஒரு கேலி உண்டு. அவரைப் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை; நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு குழந்தை முதல்முறை குப்புற விழுந்து தலையைத் தூக்கினால், அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி கைதட்டுவார். எத்தனை குழந்தைகளைப் பார்த்த பிறகும் அந்தக் கைதட்டல் குறையவில்லை. அது எளிதல்ல.

அலீசியாவின் அம்மா எவலின் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. மகளைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ட்ரெவர் மகளை இங்கே விட்டுவிட்டு நாள் முழுக்க ஆலைக்கு லோரி ஓட்டுகிறவன். அவர்கள் இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்தைச் சுற்றிலும் செம்மண்தான். குளியலறைக்குப் போவதென்றாலும் ஒருவர் தூக்கியாக வேண்டும். குழந்தை பிறந்த பிறகு யார் தூக்குவது? ஜொகூரில் இருக்கும் ட்ரெவரின் அக்கா, "ஒரு வருஷம் இங்க அனுப்பிடு, நான் பார்த்துக்கறேன்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எவலினுக்குச் சோறு இறங்கவில்லை.

"அக்கா, இவ நடந்துட்டா அனுப்ப வேணாம்லே?" என்று எவலின் கேட்டாள்.

"எவன் அனுப்பறது? நான் இறக்கிக் காட்டறேன் லா!" என்றார் கான்ஸ்டன்ஸ்.

அந்த அவசரத்தில்தான் தவறு நடந்தது. நடக்கத் தாமதிக்கும் பிள்ளையின் காலைக் கடற்கரை மணலில் புதைத்தால் கால் உறுதியாகும் என்பது இந்தப் பக்கத்தில் பலர் நம்புவது. கம்பத்தில், அதாவது கிராமத்தில், மலாய்க்காரர்களும் செய்வார்கள், தோட்டத்தில் நம்மவர்களும் செய்வார்கள். ஞாயிறு அதிகாலை, பூசைக்கு முன்பே, ரெமிஸ் கடற்கரைக்குப் போனார்கள். ட்ரெவர் குழி தோண்டினான். கான்ஸ்டன்ஸ் செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பு வரை மணலுக்குள் இறக்கி, ஈர மணலை அள்ளி அணைத்தார்.

அலீசியா முதலில் கத்தினாள். பிறகு கத்தவில்லை. மரக்கட்டைபோல விறைத்துப்போய், கண்ணைத் திறந்தபடியே, சத்தமில்லாமல் நடுங்கினாள். எவலின்தான் பாய்ந்து மண்ணைத் தோண்டினாள், வயிற்றைப் பற்றி நினைக்காமல்.

திங்கட்கிழமை அலீசியா வழுவழுப்பான தரையிலும் இறங்கவில்லை. காலுறை போட்ட காலையும் மடித்து வயிற்றோடு ஒட்டிக்கொண்டாள். இருந்ததும் போயிற்று. எவலின் கான்ஸ்டன்ஸின் முகத்தைப் பார்க்காமல் பையை வைத்துவிட்டுப் போனாள்.

தஞ்சோங் காராங்கில் ரூபிணி என்ற சிகிச்சையாளர் இருந்தார். பிள்ளைகளின் தொடுவுணர்வு, அசைவு, கைகால் பழக்கம் இவற்றைப் பார்ப்பவர். பிள்ளையைக் காட்ட எவலினுக்கு நேரம் கிடைத்திருந்த நாளில் கான்ஸ்டன்ஸும் கூடவே கிளம்பினார். அறைக்குள் நுழைந்ததுமே, "மணல்ல புதைச்சது நான்தான்மா. ஏசறதா இருந்தா என்னை ஏசு" என்றார்.

ரூபிணி ஏசவில்லை. "கையை நீட்டுங்க, ஆன்டி" என்றார். ஒரு பஞ்சை எடுத்து முழங்கையின் உட்பக்கத்தில் மெல்லத் தடவினார். கான்ஸ்டன்ஸ் துள்ளினார்.

"ஐயோ, கூசுது!"

"இப்போ?" அதே இடத்தை உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பிடித்தார்.

"இப்ப நல்லாருக்கு. விடாதே, அப்படியே தோளையும் பிடிச்சு விடு."

எவலின் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள்.

"உங்களுக்குப் பஞ்சு எப்படியோ, அவளுக்குப் புல் அப்படி. பத்து மடங்கா வச்சுக்குங்க. லேசாப் படறது கூசும், அழுத்தமா இருந்தா உடம்பு அடங்கும்" என்றார் ரூபிணி. "அதனால முதல்ல கால் வேணாம். உடம்பு முழுக்க வேலை கொடுங்க. கனமானதைத் தள்ளட்டும், இழுக்கட்டும், தவழட்டும், ஏறட்டும். வாக்கரை மூட்டை கட்டிடுங்க. ஸ்பிரிங் தொட்டில்ல மணிக்கணக்கா போட வேணாம். அப்புறம் ஒன்னு. நீங்க இறக்கக்கூடாது. அவளா இறங்கணும். இறங்கும்போது கைதட்டவும் கூடாது."

"கைதட்டாம எப்படிம்மா?"

"திடீர்ச் சத்தமும் அவளுக்குப் பஞ்சு மாதிரிதான், ஆன்டி."

கான்ஸ்டன்ஸ் இந்த ஒன்றைத்தான் கடினமான நிபந்தனையாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து அந்த வீடு வேறு வீடானது. துணிக்கூடைக்குள் அரிசிப் பையை வைத்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பிள்ளைகள் தள்ளினார்கள். நாற்காலிகளுக்கு அடியில் மெத்தை போட்டுக் குகை. எல்லாவற்றுக்கும் மேலே கான்ஸ்டன்ஸே கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று: தடித்த போர்வையில் பிள்ளையைக் கழுத்துக்குக் கீழே சுருட்டி, முதுகைப் பரோட்டா மாவு பிசைவதுபோல அழுத்தி, ரொட்டிக் கடைக்காரர் மாதிரி கூவுவது.

"ரொட்டி சானாய் சூடா இருக்கு! அண்ணே, கோசோங்கா, தெலூரா?"

"தெலூர்! தெலூர்!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். கோசோங் என்றால் வெறும் ரொட்டி; தெலூர் என்று முட்டை ஊற்றினால் இன்னும் இரண்டு அழுத்து கூடுதல்.

அலீசியா முதலில் மூலையிலிருந்து பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. பிறகு போர்வையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். ஒருநாள் தானே அதன்மேல் படுத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாகச் சொன்னாள்:

"தெலூர். ரெண்டு."

கான்ஸ்டன்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். அந்தச் சின்ன உடம்பு தன் கைக்குக் கீழே தளர்ந்து கனப்பதை உணர்ந்தபோது, அடுப்படிக்கு ஓடிப்போய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "யேசுவே! யேசுவே!" என்று குதித்தார். அதைப் பார்த்த அவர் கணவர் சூசைமுத்து, "பைப்பு உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

சூசைமுத்து தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு, குலை தள்ளும் பழைய தள்ளுவண்டி ஒன்றைக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்தார். அது ஒற்றைச் சக்கரம். பெரிய ஆளுக்கே சாயும். தொட்டியை அறுத்துச் சிறிதாக்கி, கைப்பிடியைத் தாழ்த்தி, ஒரு பழைய சின்னச் சைக்கிளின் இரண்டு சக்கரங்களைப் பொருத்தினார். உள்ளே இரண்டு தேங்காய். அலீசியாவுக்கு அந்த வண்டி எப்படியோ பிடித்துப்போனது. கூடம் முழுக்கத் தள்ளினாள். காலுறை வழுக்கியபோது தானே உட்கார்ந்து உருவி எறிந்தாள். தள்ளும் அவசரத்தில் குதிகால் தரையில் பதிந்ததை அவள் கவனிக்கவில்லை, கான்ஸ்டன்ஸ் கவனித்தார். மறுநாள் சிமெண்டு முற்றத்துக்கும் வண்டி வந்தது. அதற்கு மேல் போகவில்லை. சிமெண்டு முடியும் இடத்தில் புல். அங்கே வண்டியைத் திருப்பிவிடுவாள், தினமும்.

எவலினின் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வார இறுதியில் அலீசியாவைக் கூட்டிப்போக வருவதாக ஜொகூர் அக்கா போனில் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை இல்லை, புல் காய்ந்திருந்தது. லோரி வந்து நின்றது. எவலின் மெல்ல இறங்கிக் கேட்டருகே வந்தாள், பின்னால் ட்ரெவர். அலீசியா முற்றத்தில் தேங்காய்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் வண்டியைக் கேட்டை நோக்கித் திருப்பினாள். சிமெண்டின் விளிம்பில் சக்கரங்கள் சரிந்து புல்லில் இறங்கி நின்றன. கைப்பிடி அவள் கையில், கால் சிமெண்டில்.

ட்ரெவர் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான். கேட்டருகே நின்ற கான்ஸ்டன்ஸ் அவன் முழங்கைக்கு மேலே பிடித்து நிறுத்தினார்.

"ஆ! அக்கா, கிள்ளாதீங்க…"

"உஷ்!"

அலீசியா தள்ளினாள். வண்டி அசையவில்லை. இழுத்துப் பார்த்தாள், பின்னாலும் வரவில்லை. அப்போது முகத்தில் வந்தது பயமல்ல, கோபம். முழு உடம்பையும் கைப்பிடியின்மேல் சாய்த்து உந்தினாள். வண்டி சட்டென்று நகர்ந்தது. அதோடு ஒரு கால் புல்லுக்குள் போய்விட்டது.

அவள் நின்றாள். காலைப் பார்த்தாள். விரல்கள் சுருண்டன. கூடத்து ஜன்னலில் மற்ற பிள்ளைகள் மூக்கை நசுக்கிக்கொண்டு நின்றார்கள். கான்ஸ்டன்ஸ் தன் வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தார். கண்கள் மட்டும் பிதுங்கின. நாம் ஒருநாளும் யோசிக்காமல் மிதித்துப்போகும் பூமி, ஒருவருக்கு ஒவ்வொரு அடியிலும் முடிவெடுக்க வேண்டிய விஷயமாக இருக்கலாம். அந்த முடிவைப் பக்கத்தில் நிற்பவர்கள் எடுத்துக் கொடுக்க முடியாது.

அடுத்த காலும் இறங்கியது. வண்டி உருண்டது. தேங்காய்கள் ஒன்றோடொன்று முட்டின. அவள் விரல் நுனியில் இல்லை. பாதம் முழுவதும் பதித்து, முக்கி முக்கி, புல்லைக் கடந்து கேட்டு வரை வந்தாள். அங்கே எவலின் வழியை அடைத்துக்கொண்டு அழுதபடி நின்றாள்.

"அம்மா, ஓரம் போ லா!" என்றாள் அலீசியா.

ட்ரெவர் வாய்விட்டுச் சிரித்தான். எவலின் ஓரம் போனாள். மகளைத் தூக்க நீண்ட கையை மடக்கி, கைப்பிடியின் ஒரு மூலையில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். கேட்டுக்கு வெளியே சரளைக்கல் வந்தது. அங்கே அலீசியா நின்று, "அப்பா, தூக்கு" என்றாள். அது இன்னொரு நாளைக்கு. யாரும் வற்புறுத்தவில்லை.

அவளை லோரியில் உட்காரவைத்த பிறகு ட்ரெவர் அங்கேயே நின்று போன் போட்டான். "அக்கா, நீ வா, புள்ளையப் பார்த்துட்டுப் போ. கூட்டிட்டுப் போக வேணாம். அவ இங்கேயே இருக்கட்டும்."

லோரி கிளம்பவில்லை. வண்டி இல்லாமல் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று உள்ளேயிருந்து ஒரே ரகளை. ட்ரெவர் இறங்கிவந்து வண்டியைத் தூக்கினான்.

"அண்ணே, இதை எடுத்துட்டுப் போறேன்."

"தேங்காய் நாளைக்குக் குழம்புக்குடா!" என்று வீட்டுக்குள்ளிருந்து சூசைமுத்து கத்தினார்.

செம்பனைக் குலைகளுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன வண்டி தேங்காய்களோடு ஏறியது. லோரி முனையில் திரும்பி மறையும்வரை கான்ஸ்டன்ஸ் பொத்திய வாயோடு நின்றார். மறைந்ததும் கையை எடுத்தார். அந்த வரிசையில் இருந்த அத்தனை வீட்டுக் கதவுகளும் திறந்தன.